மருத்துவரிடம் கேட்க வேண்டியதும் மருந்தாளரிடம் கேட்க வேண்டியதும்

ஈப்போ புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ வாழும், அறுபதைத் தாண்டிய ஒருவரின் மருந்துப் பையைத் திறந்தால், அதிலுள்ளவை பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வந்தவையாக இருக்கும். அரசாங்க கிளினிக்கில் மாதாமாதம் எடுக்கும் இனிப்பு நீர் மாத்திரையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் ஒரு கட்டு. காய்ச்சல், இடுப்புவலி என்று பக்கத்துத் தனியார் கிளினிக்குக்குப் போனபோது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் கொடுத்தவை இன்னொரு கட்டு. பிள்ளைகள் பார்மசியில் வாங்கி வந்த வலி மாத்திரையும் சந்தையில் யாரோ சொல்லி வாங்கிய மூட்டுவலி ஜாமுவும் மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தவர் யார் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் இருக்காது. நோயைக் கண்டறிந்து மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு. அந்த மருந்து இந்த உடம்புக்கு, இந்த அளவில், ஏற்கெனவே சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று சரிபார்த்து விளக்கிக் கொடுப்பது மருந்தாளரின் பொறுப்பு. மலேசியாவின் தனியார் கிளினிக்குகளில் இரண்டையும் ஓரிடத்திலேயே முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதனால் அந்த இரண்டாவது பார்வை நமக்குத் தானாகக் கிடைப்பதில்லை. கேட்டுத்தான் பெற வேண்டும். இந்த அத்தியாயம் அதைக் கேட்பதற்கான காரணத்தையும் வழியையும் சொல்கிறது.

இது நம் சமூகத்துக்கு ஏன் அவசரம் என்பதற்கு ஓர் எண் போதும். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். நீரிழிவு தனியாக வருவதும் குறைவு. இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகத் தளர்ச்சி என்று துணையோடு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை சேரும். ஐந்து, ஆறு மருந்துகளை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய உடம்பில், புதிதாக நுழையும் ஒரு சாதாரண வலி மாத்திரைகூட மற்ற ஐந்தின் கணக்கையும் மாற்றிவிடக்கூடும்.

இரண்டு தொழில்களின் எல்லையை முதலில் சரியாகப் புரிந்துகொள்வோம். மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு அரசாங்க மருத்துவமனையில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. அந்தக் காலம் முழுவதும் அவர் கற்பது உடம்பைத் தொட்டும் கேட்டும் சோதித்தும் நோயைப் பிரித்தறிவது. மருந்தாளர் நான்கு ஆண்டுகள் மருந்தை மட்டுமே படிக்கிறார்: அது உடம்பில் எப்படிக் கரைகிறது, எந்த உறுப்பு அதைக் கழிக்கிறது, எதோடு சேர்ந்தால் கெடுக்கிறது என்பதை. பின்பு ஓராண்டுப் பயிற்சியை முடித்து, 1951ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொள்கிறார். ஈப்போவிலேயே யுனிகேஎல் ராயல் கல்லூரியில் இரண்டு படிப்புகளும் நடக்கின்றன. நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் போகிறார்கள். அப்படியிருந்தும், டாக்டருக்குப் படிக்க முடியாதவர்தான் பார்மசிக்குப் போகிறார் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணம் பிள்ளைகளுக்கு மட்டும் கேடு அன்று. மருந்தாளரைக் கடைக்காரராக நினைக்கும் குடும்பம் அவரிடம் விலையைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை.

சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1952ஆம் ஆண்டின் நஞ்சுச் சட்டம், வீரியமுள்ள மருந்துகளை வகைப்படுத்துகிறது. நுண்ணுயிர்க்கொல்லி, இரத்தக் கொதிப்பு மருந்து, கொழுப்பைக் குறைக்கும் மருந்து போன்றவை ‘பி’ பிரிவில் வரும். இவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்தாளர் விற்கக் கூடாது. ‘சி’ பிரிவு மருந்துகளைச் சீட்டு இல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் உரிமம் பெற்ற மருந்தாளர்தான் கொடுக்க வேண்டும், கொடுத்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு, பதிவுபெற்ற மருத்துவர் தம் சொந்த நோயாளிக்கு, சிகிச்சைக்காக மட்டும், இந்த மருந்துகளைத் தாமே வழங்க அனுமதி தருகிறது. அரசாங்க மருத்துவமனையிலும் பெரிய கிளினிக்கிலும் மருத்துவர் எழுதுவதை மருந்தகப் பிரிவு தனியாகப் பார்த்துக் கொடுக்கிறது. தனியார் கிளினிக்கில் டாக்டர் எழுதுகிறார். அவர் மேற்பார்வையில், முகப்பில் இருக்கும் உதவியாளர் எண்ணிப் போட்டுத் தருகிறார். அந்த உதவியாளர் கவனமானவராக இருக்கலாம், பல ஆண்டு அனுபவம் உள்ளவராகவும் இருக்கலாம். ஆனால் டாக்டர் எழுதியதைத் திருப்பிக் கேட்கும் படிப்பும் அதிகாரமும் அவருக்கு இல்லை. குறை என்று நான் சொல்வது இதைத்தான். கிளினிக் மருத்துவர்களின் நேர்மையை அன்று.

நோயைப் பார்ப்பவர் மருந்தை வைத்திருக்கலாமா என்ற கேள்வி இந்த மண்ணில் நூறாண்டுக்கு மேற்பட்டது. பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து, பிற்காலத்தில் ஈப்போவில் 1937 முதல் முதுமை வரை மருத்துவம் பார்த்த டாக்டர் வூ லியன் தே, 1907இல் பினாங்கில் இருந்தபோது தண்டனை பெற்றார். அவருடைய மருந்தறையில் ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் உரிமம் இல்லாமல் இருந்தது என்பதே குற்றம். அவர் அபின் எதிர்ப்பு இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். வழக்குக்குப் பின்னால் பகை இருந்தது என்றே பலரும் கருதுகிறார்கள். நோக்கம் எதுவாயினும், நோயைத் தீர்மானிக்கும் தகுதியும் மருந்தை வைத்திருக்கும் உரிமையும் வேறு வேறு என்று அன்றைய சட்டமே பார்த்தது. ஐரோப்பாவில் இது இன்னும் பழையது: 1240 வாக்கில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக், மருத்துவரும் மருந்து விற்பவரும் கூட்டு வியாபாரம் செய்யக் கூடாது என்று ஆணையிட்டார்.

தோட்டத்தில் நிலைமை வேறு. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் மூன்று தலைமுறைக்கு டாக்டர், மருந்தாளர், மிஸ்ஸி எல்லாமே ஒரே ஆள்தான்: டிரெசர். சுற்றுமுறையில் வந்துபோகும் மருத்துவ அதிகாரி எப்போதாவதுதான் தென்படுவார்; அன்றாடம் காய்ச்சலைப் பார்த்ததும் கொய்னா கொடுத்ததும் காயத்துக்குக் கட்டுப் போட்டதும் வேலைக்கு லீவு தீர்மானித்ததும் டிரெசர்தான். 1965இல்தான் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு சட்டம் வந்தது. அந்த மனிதர்களில் பலர் அரிய சேவை செய்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் லயத்தில் இன்னும் எத்தனையோ குழந்தைகள் செத்திருக்கும். ஆனால் அவர் தோட்ட நிர்வாகத்தின் சம்பளத்தில் இருந்தவர். அவர் கொடுத்த கலவை என்ன என்று கேட்கும் வழக்கம் தொழிலாளிக்கு இல்லை. கேட்டாலும் பதில் வராது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் புந்தோங்குக்கும் செமோருக்கும் தாப்பாவுக்கும் மலிவு வீடுகளுக்கும் பெயர்ந்த பிறகும், மருந்தின் பெயரைக் கேட்காமல் கையை நீட்டும் பழக்கம் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை, அரை மாத்திரை என்று நிறத்தாலும் அளவாலும் மட்டுமே மருந்தைச் சொல்லும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். அந்தக் காலத்தில் மருந்து தந்தவர் ஒருவர். இன்று மூவர், அவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பழைய பழக்கம் அன்று செய்ததைவிட இன்று அதிகத் தீங்கு செய்யும்.

எழுதுபவரே கொடுப்பவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவிலேயே தரவு இருக்கிறது. 2014இல் அரசாங்க, தனியார் கிளினிக்குகளில் திரட்டிய தகவல்களை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது; 27,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் அடக்கம். சளி, தொண்டைவலி போன்ற மேல்மூச்சுப் பாதைத் தொற்றுகளுக்கு அரசாங்க கிளினிக்குகளில் 16.8 விழுக்காட்டினருக்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்பட்டது. தனியார் கிளினிக்குகளில் 57.7 விழுக்காட்டினருக்கு. இத்தகைய தொற்றுகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தொடாது. இந்த இடைவெளி முழுவதும் மருந்து லாபத்தால் வந்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. காசு கொடுத்து வருபவர் வெறுங்கையோடு திரும்ப விரும்புவதில்லை. நாளைக்கே வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார். ஆன்டிபயாட்டிக் கொடுக்காத டாக்டரை விட்டுவிட்டு அடுத்த டாக்டரைத் தேடுகிறார். இது நம் பக்கத்துத் தவறு. ஆனாலும் எழுதும் கையும் விற்கும் கையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், இந்த அழுத்தத்துக்கு இணங்குவது எளிதாகிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

தென்கொரியா இதைச் சட்டத்தால் சோதித்துப் பார்த்தது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே மருத்துவர் எழுதுவதும் மருந்தாளர் கொடுப்பதும் கட்டாயமாகப் பிரிக்கப்பட்டன. அதற்கு முன் வைரஸ் நோய்களுக்கு வந்தவர்களில் 80.8 விழுக்காட்டினருக்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்பட்டது. பின்னர் அது 72.8 ஆகக் குறைந்தது. பாக்டீரியா நோய்களில் அந்தக் குறைவு மிகச் சிறிது. அதாவது தேவையற்ற இடத்தில்தான் அதிகம் குறைந்தது. ஆனால் கொரியாவின் கதையை இதோடு நிறுத்தினால் பாதி உண்மையாகிவிடும். மருத்துவர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அரசாங்கம் கட்டணங்களை உயர்த்திக் கொடுத்தது, மொத்தச் செலவு ஏறியது. 1997இல் பிரிக்கத் தொடங்கிய தைவானில், கிளினிக்குகள் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே மருந்தாளரை அமர்த்திக்கொள்ள அனுமதி இருந்தது. அப்படிச் செய்த கிளினிக்குகளில் மருந்துச் செலவு குறையவில்லை, செய்யாத இடங்களில் குறைந்தது. இரண்டு நாடுகளின் அனுபவத்திலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பிரிவினை மருந்துப் பழக்கத்தைத் திருத்துகிறது, ஆனால் பெயரளவுப் பிரிவினை எதையும் திருத்துவதில்லை, கட்டாயப் பிரிவினைக்கு விலை உண்டு.

அந்த விலையைப் பற்றித்தான் மலேசிய மருத்துவர்களின் முதல் மறுப்பு. அது நியாயமான மறுப்பு. தனியார் கிளினிக்கில் டாக்டர் பார்ப்பதற்கான கட்டணத்தை 2006ஆம் ஆண்டு விதிகள் 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் வைத்தன. அந்த அளவுக்கு அடிப்படை 1992 காலத்துக் கட்டணம். வாடகையும் சம்பளமும் எங்கோ போய்விட்டன. மருந்தில் கிடைக்கும் இடைவெளிதான் கிளினிக்கைத் தாங்குகிறது. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் பார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று, விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை லாபத் தடைச் சட்டத்தின் கீழ் ஆணை வந்தபோது, மருத்துவர்கள் மே 6 அன்று புத்ராஜெயாவில் ஊர்வலம் போனதற்கு இந்த ஆற்றாமையும் ஒரு காரணம். டாக்டரின் அறிவுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மாத்திரையின் விலைக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஏற்பாடு டாக்டருக்கும் நல்லதன்று. மருந்தே தேவையில்லை, வெந்நீரும் ஓய்வும் போதும் என்று சொல்லி அனுப்பும் நல்ல டாக்டருக்கு அன்று வருமானம் குறைகிறது. ஆகவே சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மருந்தை வெளியில் வாங்கும்போது, பார்த்ததற்கான கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அது கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுங்கள்.

இரண்டாவது மறுப்பு: மருந்தாளரும் வியாபாரிதானே, அவருக்கு மட்டும் லாப ஆசை இல்லையா? உண்டு. பார்மசிகளில் முன்வரிசை அலமாரி முழுவதும் சத்து மாத்திரைகளும் அழகுப் பொருள்களும் நிற்பது தர்மத்துக்காக அன்று. சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று சொல்லி விலையுயர்ந்த டப்பாவைத் தள்ளப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. சீட்டோடு நீங்கள் போகும்போது, அதில் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருந்தாளர் தீர்மானிப்பதில்லை. அவர் ‘பி’ பிரிவு மருந்தைத் தம் விருப்பத்துக்குக் கூட்டவும் முடியாது, மருத்துவரைக் கேட்காமல் மாற்றவும் முடியாது. சீட்டு எழுதும் மருத்துவருக்கு விற்பனை லாபம் இல்லை. மருந்தாளருக்கு லாபம் உண்டு, எழுதும் அதிகாரம் இல்லை. இருவரில் எவரையும் புனிதராகக் கருதாமலேயே இந்த ஏற்பாடு வேலை செய்யும். சீட்டு இல்லாமல் போகும்போதுதான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு தூரம். ஈப்போ நகரத்துக்குள் பார்மசி தேடி அலைய வேண்டியதில்லை. ஊத்தான் மெலிந்தாங் பக்கத்திலோ சுங்கை சிப்புட்டின் உட்புறத்திலோ பழைய தோட்டத்து லயத்தில் இன்னும் இருப்பவருக்கு, காய்ச்சலோடு கிளினிக்குக்கு ஓர் ஓட்டம், மருந்துக்கு இன்னோர் ஓட்டம் என்றால் அது கொடுமை. பிரிவினை நன்கு வேரூன்றிய இங்கிலாந்திலேயே, கிராமப்புறத்தில் பார்மசிக்கு 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் வசிக்கும் நோயாளிக்கு மருத்துவரே மருந்து கொடுக்கலாம் என்று விலக்கு உண்டு. கொரியாவிலும் பார்மசி இல்லாத பகுதிகளுக்கு விலக்கு இருக்கிறது. நானும் அதையே சொல்வேன். திடீர்க் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம் போன்ற மூன்று நாள் மருந்தைக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பெயர் எழுதி வாங்குங்கள். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்துக்குச் சீட்டு கேளுங்கள். ஒரு முறை கூடுதலாகப் பயணம் செய்வது அந்த மருந்துக்குத் தகும்.

சீட்டு கேட்பது டாக்டரை அவமதிப்பதாகும் என்ற தயக்கத்தை விட்டுவிட வேண்டும். மருந்துச் சீட்டு நோயாளியின் உரிமை. பெரியவர்கள் கேட்கக் கூச்சப்பட்டால் கூடப் போகும் மகளோ மருமகனோ கேட்கலாம்: “டாக்டர், இந்த மருந்து தொடர்ந்து சாப்பிடணும்னா சீட்டு எழுதிக் கொடுங்க, வெளியில வாங்கிக்கிறோம்.” இவ்வளவு போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சீட்டில் டாக்டரின் பெயர், முகவரி, கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், மருந்தின் அளவு, மொத்தம் எத்தனை என்பவை இருக்க வேண்டும். எத்தனை முறை திரும்ப வாங்கலாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அந்தச் சீட்டு ஒரே ஒரு முறைக்குத்தான் செல்லும். பலரும் பார்மசியில் போய்த் தகராறு செய்வது இந்த ஒரு வரி விடுபட்டதால்தான். அங்கே மறுக்கும் மருந்தாளர் உங்களை அலைக்கழிக்கவில்லை, சட்டத்தைக் காக்கிறார்.

கிளினிக்கிலேயே மருந்து வாங்கினாலும் பையின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. கொடுத்தவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதைக் குறிக்கும் ‘உபாட் தெர்க்காவால்’ என்ற சொல். மருந்தின் பெயர் இல்லாமல் ‘வலிக்கு’, ‘சளிக்கு’ என்று மட்டும் எழுதிய பை கிடைத்தால், அங்கேயே நின்று பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தில் உள்ள அறிவுரைகளில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். ஒவ்வாமையால் முகம் வீங்கி ஈப்போ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகும்போது, நேற்றுச் சாப்பிட்டது எந்த மருந்து என்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் டாக்டர் ஊகத்தில்தான் வைத்தியம் தொடங்க வேண்டியிருக்கும்.

பெயர் தெரிந்தபின் செய்ய வேண்டியது, எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு ஒரு மருந்தாளர் முன்னால் வைப்பது. அரசாங்க கிளினிக்கின் மருந்துப் பிரிவாக இருக்கலாம், நீங்கள் வழக்கமாகப் போகும் பார்மசியாக இருக்கலாம். அவர் முதலில் தேடுவது இரட்டிப்பு. அரசாங்கத்தில் மெட்ஃபார்மின் என்ற பெயரில் கொடுத்ததும் தனியார் கிளினிக்கில் குளுக்கோஃபேஜ் என்று கொடுத்ததும் ஒன்றே. அம்லோடிபினும் நோர்வாஸ்க்கும் ஒன்று. பொன்ஸ்தானும் மெஃபனமிக் அமிலமும் ஒன்று. பெயரும் நிறமும் பெட்டியும் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுத் தலைசுற்றி விழுவது நடக்கக் கூடியதே. அடுத்து அவர் பார்ப்பது மோதல். டைக்லோஃபினாக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும், இரத்தக் கொதிப்பையும் ஏற்றும். நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் உள்ளவருக்கு இது சாதாரண விஷயமன்று. மூக்கடைப்புக்கான சில மருந்துகளில் உள்ள சூடோஎஃபிட்ரின் கொதிப்பை உயர்த்தும். கொழுப்புக்கான சிம்வாஸ்டேட்டின் சாப்பிடும்போது கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேர்ந்தால் தசைகள் சிதையக்கூடும். அந்தச் சில நாளுக்குக் கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். இவையெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் தனியார் கிளினிக் டாக்டர், நீங்கள் சொன்னால் ஒழிய, அரசாங்க கிளினிக்கில் என்ன கொடுத்தார்கள் என்பதை எப்படி அறிவார்?

சொல்லப்போனால், இரண்டாவது பார்வை வேண்டும் என்பது அரசாங்க கிளினிக்குகளின் கோப்புகளிலேயே தெரிந்த உண்மை. மலேசியாவின் 12 அரசாங்க கிளினிக்குகளில் 1,753 நோயாளிக் கோப்புகளை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், 41.1 விழுக்காட்டில் மருந்து தொடர்பான பிழை ஏதாவது இருந்தது. நோயைக் கண்டறிவதில் பிழை 3.6 விழுக்காட்டில்தான். நோயைக் கண்டுபிடிப்பதில் நம் மருத்துவர்கள் பெரிதும் தவறுவதில்லை. பிழை நுழைவது மருந்தில். மருந்துப் பிரிவு இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால் பிரிப்பதில் என்ன பயன் என்று ஒருவர் கேட்கலாம். கோப்பு என்பது மருத்துவர் எழுதியதைக் காட்டுகிறது. முகப்பில் மருந்தாளர் போன் செய்து திருத்தியதை அது முழுவதும் காட்டாது. அதைவிட முக்கியம்: நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது மருந்தாளருக்கும் நேரம் இல்லை. அதனால்தான் பையைப் பரப்பி வைக்கும் வேலையை நாம் வரிசை குறைந்த நேரம் பார்த்துச் செய்ய வேண்டும் என்கிறேன். மாதத் தொடக்கத்துக் காலை வேளையைத் தவிர்த்துப் போங்கள்.

மருந்தாளரின் எல்லையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் உங்கள் சர்க்கரையைக் குத்திப் பார்க்கலாம், கொதிப்பை அளக்கலாம், எண் கூடியிருக்கிறது என்று சொல்லலாம். அது என்ன நோய் என்று அவர் தீர்மானிக்க முடியாது. நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, மூச்சுத் திணறல், காலில் ஆறாத புண், இரத்தம் கலந்த மலம் என்றால் பார்மசியில் நிற்காதீர்கள். அன்றே டாக்டரிடம், நெஞ்சுவலியும் தளர்ச்சியும் என்றால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு. கடைக்குள் போனால் ‘ஆஹ்லி ஃபார்மசி’, அதாவது மருந்தாளர், பணியில் இருக்கிறாரா என்று பலகையைப் பாருங்கள். அவர் இல்லாத நேரத்தில் ‘சி’ பிரிவு மருந்தை விற்பனைப் பிள்ளை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஜாமுவையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெட்டியில் ‘மால்’ என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அதன் கடைசியில் ‘ஏ’ என்றால் நஞ்சுச் சட்டத்தில் அடங்கிய மருந்து, ‘எக்ஸ்’ என்றால் சாதாரணமாக விற்கும் மருந்து, ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து. எண் இல்லாத மூட்டுவலி ஜாமு இரண்டே நாளில் வலியைப் போக்கினால் மகிழ வேண்டாம். டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த ஜாமுகள் இந்த நாட்டில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கின்றன; அது சர்க்கரையை எகிற வைக்கும், எலும்பைக் கரைக்கும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

மொழி ஒரு தடையாக நிற்பதையும் மறைக்க வேண்டியதில்லை. லேபல் மலாயில் இருக்கும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்த பாட்டிக்கு அது எட்டாது. மருந்தாளர் தமிழராக இருக்க வேண்டும் என்று தேட வேண்டாம். அவர் மலாயில் சொல்லச் சொல்ல, கூடப் போனவர் ஒவ்வொரு பெட்டியிலும் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: எதற்கு, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. எழுதி முடித்ததும் பாட்டியே தம் வாயால் ஒரு முறை சொல்லிக் காட்டட்டும். மருந்தாளர் தலையசைத்த பிறகு பையை மூடுங்கள்.

அரசாங்கத் தரப்பில் நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்தாத இரண்டு சேவைகள் உண்டு. ஒன்று, எஸ்பியுபி எனப்படும் ஒருங்கிணைந்த மருந்து விநியோக முறை. ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் எழுதிய மருந்தை மாதாமாதம் ஈப்போவுக்கு வந்து எடுக்க வேண்டியதில்லை. தாப்பாவிலோ தெலுக் இந்தானிலோ பாகான் செராயிலோ வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க மருந்தகத்தில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். முதல் முறை மருந்து வாங்கும் முகப்பிலேயே கேட்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் வலிய வந்து சொல்வதில்லை. பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் மிச்சமாகும். காசும் நேரமும் இல்லாமல் மருந்தை இடையில் விட்டுவிடுவோரின் தொகையும் குறையும். மற்றொன்று, மருந்தாளர்களே நடத்தும் எம்டிஏசி என்ற மருந்துப் பின்பற்றல் கிளினிக். 2004இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிற மருத்துவமனைகளுக்குப் பரவியது. நீரிழிவு, ஆஸ்துமா, இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவோர் போன்றோருக்குத் தனியாக உட்கார்ந்து, மருந்து ஒவ்வொன்றையும் பார்த்து, இன்சுலின் ஊசியைப் போட்டுக்காட்டச் சொல்லித் திருத்துகிறார்கள். சர்க்கரை எண் இறங்க மறுக்கிறது, டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால், இன்னும் ஒரு மாத்திரை சேர்வதற்கு முன் “எம்டிஏசிக்கு அனுப்ப முடியுமா, டாக்டர்?” என்று கேளுங்கள். ஊசியைத் தவறான இடத்தில் போடுவதும், தினமும் இரண்டு வேளை மாத்திரையில் ஒன்றை வேலைக்குப் போகும் அவசரத்தில் மறப்பதும் அங்கேதான் வெளியே வரும். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள காலி அட்டைகளையும் மீந்த மாத்திரைகளையும் எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.